கேம் ஃபோல்டரை இடம் மாற்றினால் கேம் ஏன் திறப்பதில்லை?

[திரையில்: சிவந்து நிரம்பிய சி டிரைவ், அருகே காலியான டி டிரைவ்]

வணக்கம். சி டிரைவில் 12 ஜிபி மட்டுமே மீதம் இருக்கிறது. அதே டிரைவில் 90 ஜிபி இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கேம் இருக்கிறது. அந்த ஃபோல்டரை அப்படியே வெட்டி டி டிரைவில் ஒட்டிவிடுகிறோம். அதன் பிறகு கேமைத் திறந்தால், கேமைத் தொடங்கும் இயங்கு கோப்பைக் காணவில்லை என்கிறது, கேம்களை வாங்கி நிறுவ உதவும் செயலியான ஸ்டீம்; கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னால், 90 ஜிபியையும் முதலிலிருந்து பதிவிறக்கத் தொடங்குகிறது. இத்தனைக்கும் ஒரு கோப்புகூடத் தொலையவில்லை.

கேமின் கோப்புகள் ஓரிடத்திலும், அவை எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு வேறோர் இடத்திலும் இருப்பதுதான் காரணம். நாம் கோப்புகளை மட்டும் நகர்த்தினோம். குறிப்பு பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கிறது.

[திரையில்: ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டர் திறக்கிறது]

ஸ்டீமில் இந்தக் குறிப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். 'ஸ்டீம்ஆப்ஸ்' ஃபோல்டருக்குள் 'காமன்' என்ற ஃபோல்டரில் கேம்கள் இருக்க, அதற்கு வெளியே ஒவ்வொரு கேமுக்கும் 'ஆப்மேனிஃபெஸ்ட்' என்று பெயர் தொடங்கும் சிறிய உரைக்கோப்பு ஒன்று இருக்கும். கவுண்டர்-ஸ்டிரைக் 2-இன் எண் 730 என்பதால், அதன் குறிப்புக் கோப்பின் பெயரிலும் 730 வரும். அந்தக் கோப்பில் முழு முகவரி இருக்காது. ஃபோல்டரின் பெயர் மட்டுமே இருக்கும்; குறிப்புக் கோப்பு இருக்கும் அதே 'ஸ்டீம்ஆப்ஸ்' ஃபோல்டரில்தான் ஸ்டீம் கேமைத் தேடும். (கேமின் பெயர் மாறிய பிறகும் அதன் ஃபோல்டர் 'குளோபல் அஃபென்சிவ்' என்ற பழைய பெயரிலேயே இருப்பது தனி வேடிக்கை.)

எனவே, குறிப்பை வைத்திருக்கும் ஸ்டீமிடமே இடமாற்றத்தை ஒப்படைப்பது நல்லது. ஸ்டீமின் அமைப்புகளில் 'ஸ்டோரேஜ்' பகுதிக்குச் சென்று டி டிரைவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு கேமின் பெயரில் வலது கிளிக் செய்து, பண்புகளில் நிறுவப்பட்ட கோப்புகள் என்ற பகுதியைத் திறந்து, நிறுவிய ஃபோல்டரை நகர்த்தும் பொத்தானை அழுத்துங்கள். எக்ஸ்பாக்ஸ் செயலியிலும் டிரைவை மாற்றும் வசதி உண்டு.

ஒரே டிரைவுக்குள் ஃபோல்டரை நகர்த்தினால் நொடியில் முடிந்துவிடும். ஏனெனில் அங்கே மாறுவது, எந்தக் கோப்பு எங்கே என்று டிரைவ் வைத்திருக்கும் அட்டவணையின் பதிவு மட்டுமே. வேறு டிரைவுக்கு நகர்த்தும்போதோ ஒவ்வொரு பைட்டையும் புதிதாக எழுதியாக வேண்டும். நொடிக்கு 100 எம்பி எழுதும் ஹார்ட் டிஸ்க்குக்கு 90 ஜிபியை எழுத 15 நிமிடம் ஆகும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் கொண்ட கேம் என்றால் இன்னும் கூடுதலாகும். யுபிஎஸ் இல்லாத கணினியில், மின்தடை வரக்கூடிய நேரத்தில் இதைத் தொடங்காதீர்கள். பாதியில் நின்றுவிட்டால், கோப்புகளின் முழுமையைச் சரிபார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

ஏற்கெனவே வெட்டி ஒட்டிவிட்டவர்களும் மீளலாம். ஸ்டீமை முழுவதுமாக மூடிவிட்டு, கேம் ஃபோல்டரை டி டிரைவில் உள்ள ஸ்டீம் நூலகத்தின் (டி டிரைவைச் சேர்க்கும்போது ஸ்டீம் அங்கே உருவாக்கும் ஃபோல்டரின்) 'காமன்' ஃபோல்டருக்குள்ளும், அதன் குறிப்புக் கோப்பை அந்த நூலகத்தின் 'ஸ்டீம்ஆப்ஸ்' ஃபோல்டருக்குள்ளும் வைத்து, மீண்டும் ஸ்டீமைத் திறந்தால் கேம் தன் இடத்தில் தென்படும். ஸ்டீமைப் போலவே கேம்களை நிறுவித் திறக்கும் செயலியான (லாஞ்சரான) எபிக்கில் சற்றுச் சுற்றிப் போக வேண்டும்: கேம் ஃபோல்டரை வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு, கேமை நீக்கி, புதிய டிரைவில் நிறுவத் தொடங்கி, சிறிது பதிவிறக்கமானதும் நிறுத்தி, லாஞ்சரை மூடி, பிரதியை அந்தப் புதிய ஃபோல்டரின் மேல் ஒட்டியபின் பதிவிறக்கத்தைத் தொடர வேண்டும்.

[திரையில்: கருப்புக் கட்டளைச் சாளரம்]

சிடியிலிருந்து நிறுவிய பழைய கேம்களுக்கு லாஞ்சர் இல்லை. அவற்றில் பல தம் முகவரியை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் இடமான ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைத்திருக்கும். ரெஜிஸ்ட்ரியில் கைவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதிலாக, விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே உள்ள 'ஜங்ஷன்' என்ற வசதி கைகொடுக்கும். ஃபோல்டரை டி டிரைவுக்கு நகர்த்திய பின், கட்டளைச் சாளரத்தில் 'எம்கேலிங்க் /ஜே' (mklink /J) என்று தட்டி, முதலில் பழைய முகவரியையும் அடுத்துப் புதிய முகவரியையும் கொடுத்தால், பழைய இடத்தில் ஃபோல்டர் இருப்பது போலவே கேமுக்குத் தெரியும். வரிசை முக்கியம், பழைய இடத்தில் அதே பெயரில் ஃபோல்டர் எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது.

நகர்த்தப்போகும் டிரைவின் வகையையும் பாருங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் 4 ஜிபி அளவுள்ள கோப்பை எழுத முடியாது. இன்றைய கேம்களில் அதைவிடப் பெரிய கோப்புகள் சாதாரணம். என்டிஎஃப்எஸ் முறையே இங்கே பொருந்தும்.

நீங்கள் விளையாடிச் சேமித்த நிலைகள் பெரும்பாலும் கேம் ஃபோல்டரில் இருப்பதில்லை. ஆவணங்கள் ஃபோல்டரிலோ மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரிலோ இருக்கும். கேமை நகர்த்தினாலும் அவை சி டிரைவிலேயே தங்கும். சில பழைய கேம்கள் மட்டும் தம் ஃபோல்டருக்குள்ளேயே சேமிக்கும். ஆகவே கேமைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதா என்று பார்த்த பிறகே, பிரதி ஏதும் எடுத்துவைத்திருந்தால் அதை அழித்துவிடுங்கள்.