வாடும் கடல் சாமந்தி

நேயர்களுக்கு வணக்கம். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். "சார், அனிமோன் சுருங்கிப் போச்சு, என்ன மருந்து ஊத்தலாம்?" அனிமோன் என்பதுதான் கடல் சாமந்தி, பார்க்கப் பூப்போல இருக்கும் கடல் பிராணி. ஒரு மருந்தும் ஊற்ற வேண்டாம். இதை இன்று இன்னும் ஒரு தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்குப் போடும் மருந்துகள் சிலவற்றில் செம்பு இருக்கும். மீன் பிழைக்கும், கடல் சாமந்தி போய்விடும்.

சுருங்குவதெல்லாம் நோயும் இல்லை. அதற்குத் தின்பதற்கும் கழிப்பதற்கும் ஒரே வாய்தான். செரித்து முடிந்ததும் உடம்பிலுள்ள நீரை வெளியேற்றிச் சுருங்கும், கழிவைத் துப்பும், சில மணி நேரத்தில் மறுபடி விரியும். வாய் நாள்கணக்கில் பிளந்தே கிடந்தாலோ, ஒட்டிக்கொள்ளும் அடிப்பகுதியான பாதம் எதிலும் ஒட்டாமல் உருண்டாலோ, நிறம் வெளுத்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

வெளுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் வளர்க்கும் வெப்பக்கடல் இனங்களின் உடம்புக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை தயாரிக்கும் உணவில்தான் சாமந்தி பெரும்பாலும் வாழ்கிறது. அந்தப் பாசி வெளியேறினால் உடம்பு வெளுக்கும். பால்போல வெள்ளையாக இருப்பதை அழகு என்று கடையில் விலை கொடுத்து வாங்கி வருகிறார்கள். பாவம், அது பட்டினியில் இருக்கிறது. சாயம் ஏற்றி விற்பதும் உண்டு, அதை வாங்கவே வாங்காதீர்கள். வெளுத்ததைத் திடீரென்று பளிச்சென்ற விளக்கின் கீழ் வைக்காமல், வெளிச்சத்தை வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

எனக்குப் பிடித்த ஒரு கதை இருக்கிறது. ஸ்காட்லாந்தில் சர் ஜான் கிரஹாம் டாலியெல் என்ற இயற்கையியலாளர், 1828இல் நார்த் பெரிக் கடற்கரையிலிருந்து ஒரு கடல் சாமந்தியை எடுத்துவந்து கண்ணாடிக் குடுவையில் வைத்தார். பம்பு கிடையாது, வடிகட்டி கிடையாது, மின்சாரமே கிடையாது. கடல்நீரைத் தவறாமல் மாற்றினார், அவ்வப்போது கொஞ்சம் சிப்பிச் சதை கொடுத்தார். அவ்வளவுதான். 1851இல் அவர் காலமானார், அது சாகவில்லை! அடுத்தடுத்து வேறு கைகளுக்குப் போனது. அதற்குப் 'பாட்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் கையெழுத்துப் போட ஒரு புத்தகம்கூட இருந்தது. 1887 வரை வாழ்ந்தது. அது குளிர்கடல் இனம், உள்ளே பாசி கிடையாது, அதனால் விளக்குத் தொல்லை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் அதை வளர்த்தவர்கள் செய்தது என்ன? தண்ணீரைச் சரியாக வைத்தார்கள், சும்மா நோண்டாமல் இருந்தார்கள்.

நம் ஊரில் தண்ணீரைக் கெடுப்பது வெயில். தொட்டி 25 முதல் 27 டிகிரியில் இருந்தால் நல்லது. சென்னையில் மே மாதம் வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டிவிடும். நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறி வைத்தால் ஆவியாகிக் குளிரும், சரி. ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே? குழம்பு வற்றினால் உப்புக் கரிப்பதுபோல, மீதியில் உப்பு ஏறும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத் தினமும் ஊற்றுங்கள். உப்பு நீரை ஊற்றாதீர்கள், உப்பு இன்னும் ஏறும். நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அடர்த்திமானி 1.025 அளவில் நிற்க வேண்டும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை, அதே உப்பும் அதே வெப்பமும் உள்ள நீரால் மாற்றினால் போதும். திரும்பவும் சொல்கிறேன், மருந்து வேண்டாம்.

தீனி பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டாணி அளவு பச்சை இறால் துண்டு, வாரம் ஒன்றிரண்டு முறை. துப்பினால் திணிக்காதீர்கள். சாமந்திக்குள் குடியிருக்கும் கோமாளி மீன் ஓயாமல் உரசினால் தேறும்வரை மீனைப் பிரித்து வையுங்கள். பம்பின் உறிஞ்சு வாய்க்கு ஸ்பஞ்சு கட்டுங்கள், சாமந்தி நகர்ந்து போய் அதில் மாட்டிக்கொள்ளும். பாதத்தைப் பிய்த்து எடுக்கவே கூடாது. இத்தனைக்கும் பிறகு உடம்பு கரைந்து நாறினால், அன்றே வெளியே எடுத்துவிட்டுத் தண்ணீரையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் மீன்களும் மிஞ்சாது. வணக்கம்.