ஆறு முடிகிற ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

நம்ம தருமபுரிப் பக்கம் வீட்டுக்கு வெளியூர்ச் சொந்தம் வந்தால் எங்கே அழைத்துப் போவோம்? ஒகேனக்கல்தான். எண்ணெய்க் குளியல், மீன் குழம்பு, ஒரு சுற்றுப் பரிசல், அதோடு சரி. போன வருஷம் பரிசலில் உட்கார்ந்துகொண்டு என் பேத்தி கேட்டாள், "இந்தத் தண்ணி எங்க தாத்தா போகுது?" மேட்டூருக்கு என்றேன். "அப்புறம்?" கல்லணை. "அப்புறம்?" பூம்புகார் என்று சொல்லிவிட்டேன். வகுப்பில் முப்பது வருஷம் அந்த ஊரைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேனே தவிர, போய்ப் பார்த்ததில்லை. அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பள்ளி விடுமுறை வந்ததும் கிளம்பிவிட்டோம். சேலம், சிதம்பரம், சீர்காழி என்று பஸ் மாறி மாறி.

முதலில் ஏமாற்றம்தான். ஒகேனக்கல்லில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காதபடி இரையும் காவிரி, கடலைத் தொடுகிற இடத்தில் ஒரு வாய்க்கால் போலக் கிடக்கிறது. காரணம் இருக்கிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து வெள்ளத்தைத் தன்னோடு கொண்டுபோய்விடுகிறது. கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பங்கு வாங்கிக்கொள்கின்றன. வயல்களெல்லாம் குடித்தது போக மிச்சம்தான் கடலுக்கு. பேத்தி ஒரு கை அள்ளி வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள். உப்பு.

"துறைமுகம் எங்க?" என்றாள். அங்கேதான் விஷயம். துறைமுகம் இல்லை. மணல், மீனவர் படகுகள், அலை, அவ்வளவுதான். கடல் வழியாகக் குதிரையும் நிலம் வழியாக மிளகு மூட்டையும் வந்து இறங்கிய ஊர் என்று பட்டினப்பாலை சொல்கிறது. சுங்கக்காரர்கள் மூட்டைகளில் சோழரின் புலி முத்திரை குத்தி அனுப்பினார்களாம். அந்தப் பாட்டு அடுக்கும் சரக்குப் பட்டியலில் ‘காவிரிப் பயனும்’ என்று ஓர் இடம் வருகிறது. நம் ஆற்றின் விளைச்சலும் அங்கே கப்பலுக்குக் காத்துக் கிடந்திருக்கிறது. சரி, பாட்டில் இருக்கிறது, மண்ணில் இருக்கிறதா? இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் பக்கத்துக் கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று கிடைத்தது. படகு கட்டும் மரக்கம்பங்கள் கூட மண்ணுக்குள் மிஞ்சியிருந்தன. அந்த மரத்தின் வயதைக் கண்டறியக் கரிமச் சோதனை செய்ததில் கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்று வந்தது. எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது. அரண்மனை போய்விட்டது, அங்காடி போய்விட்டது, கயிறு கட்டிய கம்பம் மட்டும் நின்றிருக்கிறது.

கரையில் உள்ள சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973இல் திறக்கப்பட்டது. ஏழு நிலை மாடம், உள்ளே சுவர் நெடுகக் கண்ணகி கதை கல்லில். அழகுதான், ஆனால் அது நம் காலத்துக் கற்பனை. பழமையைத் தேடுபவர்கள் தொல்லியல் துறையின் ஆழ்கடல் அகழாய்வு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். 1990களில் கடலில் மூழ்கித் தேடினார்கள். சுமார் 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவில் ஒரு கட்டுமானம் போலத் தெரிந்தது. அதற்குப் பத்தாயிரம் வருஷம், அதற்கும் மேல் என்றெல்லாம் கைப்பேசியில் வருவதை நான் நம்பவில்லை. அறிஞர்களே இன்னும் ஒத்துப்போகாத விஷயம் அது. ஆனால் அதே கடலில் உடைந்து கிடந்த ஒரு கப்பலிலிருந்து ஈயக் கட்டிகள் எடுத்தார்கள். அவற்றில் 1791, 1792 என்று ஆண்டே பொறித்திருக்கிறது. இதில் சண்டை போட வழியில்லை.

அங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரர்கள் கட்டிய டேனிஷ் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. கீழே கிடங்கும் சிறையும், மேலே ஆளுநர் குடியிருந்த அறைகள். இப்போது அங்கே அருங்காட்சியகம். 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். 1706இல் அங்கே வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகியவர். பிறகு அச்சுக்கூடம் வைத்தார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதம் தாங்கவில்லை. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். கரையோர மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியர் காலத்தது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கோட்டைக்கு வருகிற கூட்டம் அந்தக் கோயிலை எட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஊர் திரும்பியதும் பேத்தி அடுத்த கேள்வியைப் போட்டாள். "நம்ம ஊர்ல மியூசியம் இல்லையா?" இருக்கிறது. தருமபுரியிலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. பஸ்ஸில் அந்தப் பக்கமாக எத்தனை முறை போயிருப்பேன்! உள்ளே நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. கல்லில் செதுக்கிய வீரன் கையில் வில், பக்கத்தில் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து. ஊர் மாடுகளை, அந்தக் காலத்துப் பேச்சில் ‘தொறு’வை, மீட்கப் போய் உயிர் விட்டவர்களின் கற்கள். பூம்புகாரில் பாட்டு இருந்தது, கல்லைத் தேட வேண்டியிருந்தது. இங்கே கல் இருக்கிறது, செத்தவனின் பெயரோடு. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அவர்கள் ஊரிலேயே அரசு அருங்காட்சியகம் உண்டு.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஓர் இடத்தில் வெள்ளிக்கிழமை போய் நின்று பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். கிளம்பும் முன் விடுமுறை நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரை வெயில் நம் மலைப்பக்க வெயில் மாதிரி இல்லை, பிசுபிசுவென்று ஆளை வாட்டும். தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள், ஆற்றுத் தண்ணீரை நம்பிப் போகாதீர்கள்.

நன்றி, வணக்கம்.