ஆயுள் தண்டனைன்னா 14 வருஷமா? "எப்போ வருவான்"னு கேட்ட பெரியம்மாவுக்காக ஒரு வீடியோ

"ஜெயில்ல பகல் ஒரு நாள், ராத்திரி ஒரு நாள். அதனால 14 வருஷம்னா ஏழே வருஷந்தான்."

இதை நீங்களும் கேட்டிருப்பீங்க. டீக்கடையில, பஸ்ஸில, செத்த வீட்டுல யாராவது ஒருத்தர் அடிச்சுச் சொல்லுவாரு. நான் சின்ன வயசுல எங்க லயத்து வாசல்ல, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு வாசல்ல, கேட்டேன், ரொம்ப நாள் நம்பவும் செஞ்சேன். இது முழுப் பொய். இலங்கையிலயும் பொய், இந்தியாவுலயும் பொய். ஜெயிலுக்குள்ளயும் 24 மணி நேரம்தான் ஒரு நாள்.

வணக்கம். நான் இலங்கை மலையகத்து ஹட்டன்ல இருந்து பேசுறேன். ஆயுள் தண்டனைக் கைதி எப்போ வெளியில வரலாம், அதை யார் முடிவு பண்றாங்க, பரோல்னா உண்மையில என்ன? இதுதான் இன்னைக்கு விஷயம். இதை நான் தேட ஆரம்பிச்சதுக்கு ஒரு பெரியம்மாதான் காரணம்.

(திரையில்: மழைக்கால மலை, லயத்து ஓரம், சுவத்துல ஒரு காலண்டர்)

பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா. பேர் சொல்லல. அவங்க மகன் உள்ள போய் 17 வருஷம். ஒரு திருவிழா ராத்திரி, சண்டை, ஒரு சாவு. கோட்ஸ்ல மரண தண்டனை. பிறகு அது ஆயுள் தண்டனையா மாறிச்சு. போன மாசம் பார்க்கப் போறப்போ நானும் கூடப் போனேன். விடியக் காலையில முதல் பஸ். அன்னைக்கு அவங்களுக்குப் பேர் இல்லை, ஒரு நாள் சம்பளம் போச்சு. கொண்டுபோன சவர்க்காரத்தை வாசல்லயே கத்தியால ரெண்டா வெட்டிப் பார்த்தாங்க. சோத்துப் பார்சலை ஒரு கரண்டிக்காம்பால கிண்டினாங்க. சோதிக்க வேண்டியது அவங்க வேலை, அதுல எனக்குக் குறை இல்லை. ஆனா நிரப்பச் சொன்ன படிவம் சிங்களத்துல மட்டுந்தான் இருந்திச்சு. 17 வருஷமா வந்து போற ஒரு தாய், ஒவ்வொரு தடவையும் பக்கத்துல நிக்கிற யார்கிட்டயாவது "தம்பி, இதை எழுதித் தாங்க"ன்னு கேக்குறாங்க. இதைச் சொல்லாம என்னால தாண்டிப் போக முடியல.

திரும்பி வர்ற பஸ்ஸில என்கிட்ட கேட்டாங்க: "தம்பி, கவ்வாத்து வெட்டின மலையில திரும்ப எப்போ கொழுந்து எடுக்கலாம்னு கங்காணிக்குத் தெரியும். எம்மவன் எப்போ வருவான்னு யாருக்குத் தெரியும்?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் பதில் தேடினேன்.

சரி, முதல்ல 'பரோல்'ங்கிற சொல். இதுல ஒரு பெரிய குழப்பம் இருக்கு. தமிழ்நாட்டுச் செய்தியில பரோல்னா, கைதி கொஞ்ச நாள் வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பப் போறது. 2019 ஜூலையில ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதி நளினி, மகளோட கல்யாண ஏற்பாட்டுக்காக வேலூர் சிறையில இருந்து ஒரு மாசப் பரோல்ல வந்தாங்களே, அது அந்தப் பரோல். கனடாவுல, அமெரிக்காவுல பரோல்னா வேற. அங்க அது விடுதலை. நிபந்தனையோட வெளியில வந்து, வேலை பார்த்து, வீட்டுல வாழுறது. ஒரே சொல்லை வச்சு ரெண்டு பேர் ரெண்டு விஷயம் பேசுறாங்க.

நம்ம நாட்டுல எது இருக்கு? வேகமாச் சொல்லிடுறேன். கொலைக்குத் தண்டனைச் சட்டக்கோவை 296ஆம் பிரிவுல மரண தண்டனை. ஆனா 1976 ஜூன் 23க்குப் பிறகு இலங்கையில யாரையும் தூக்குல போடல. ஜனாதிபதிமார் அந்தத் தண்டனைகளை ஆயுளா மாத்திக் குறைச்சிருக்காங்க. அடுத்தது, தண்டனைக் காலம் முடியும் முன்ன 'லைசன்ஸ்'ல, அதாவது நிபந்தனையோட, விடுற ஒரு முறை இருக்கு, வீட்டு லீவு இருக்கு, நல்ல நடத்தைக்கு நாள் கழிக்கிறதும் இருக்கு. பத்து வருஷத் தண்டனையில இத்தனை நாள் கழிச்சா மிச்சம் எவ்வளவுன்னு கணக்குப் பார்க்கலாம். ஆயுள்ல இருந்து எதைக் கழிப்பீங்க? "இத்தனை வருஷம் இருந்தா நீ விடுதலை கேக்கலாம்"னு ஆயுள் கைதிக்குச் சொல்ற ஒரு வரி நம்ம சட்டத்துல என் கண்ணுல படல. கடைசியில எல்லாம் வந்து நிக்கிறது ஒரே கதவுலதான். அரசியலமைப்போட 34ஆம் உறுப்புரை. ஜனாதிபதி மன்னிப்பு.

இப்போ கனடாவுக்குப் போவோம். இந்த இடத்துல கொஞ்சம் நிதானமாப் பேசப் போறேன், ஏன்னா இதைப் படிச்சப்போ நான் அசந்துபோயிட்டேன்.

அங்க கொலைக்குக் கட்டாயம் ஆயுள் தண்டனை. அதுல இளக்கமே இல்லை. ஆனா தீர்ப்புச் சொல்ற அன்னைக்கே நீதிபதி இன்னொன்னும் சொல்லணும். நீ பரோல் கேக்கத் தகுதி பெறுறது எத்தனையாவது வருஷத்துலங்கிற எண். திட்டம் போட்டுச் செஞ்ச முதல் தரக் கொலைன்னா 25 வருஷம். இரண்டாம் தரம்னா 10ல இருந்து 25க்குள்ள ஒரு எண். அந்த எண் என்னவா இருக்கலாம்னு ஜூரிகள்கிட்டயும் நீதிபதி கேப்பாரு. கைதியோட தாய் கோட்ஸை விட்டு வெளியில வரும்போது அவ கையில ஒரு திகதி இருக்கும்.

அந்தக் கடிகாரம் எப்போ ஓட ஆரம்பிக்குது தெரியுமா? தீர்ப்புத் திகதியில இருந்து இல்லை, பிடிச்ச நாள்ல இருந்து. ரிமாண்ட்ல கிடந்த காலமும் சேரும். வழக்கு முடியாம வருஷக்கணக்கா ரிமாண்ட்ல இருந்த நம்ம பிள்ளைகளை நினைச்சுக்கிட்டு இதைக் கேளுங்க.

ஒன்னை மட்டும் தப்பா எடுத்துக்காதீங்க. தகுதின்னா விடுதலை இல்லை. தோட்டத்துல ஏழு பேர்ச் காணியில வீடு தர்ற திட்டத்துக்குப் பேர் பதிஞ்சிருக்கோம்ல? பேர் பதியுறது வேற, சாவியைக் கையில வாங்குறது வேற. அதே மாதிரிதான் இதுவும். 25 வருஷம் முடிஞ்சா பரோல் சபைக்கு முன்னால உக்காந்து கேக்கலாம், அவ்வளவுதான். சபை அவன்கிட்ட கேள்வி கேக்கும். செத்தவங்க குடும்பமும் அந்த அறைக்கு வரலாம், தங்களுக்கு என்ன நடந்திச்சுன்னு வாசிக்கலாம். "இவனை விட்டா ஆபத்து"ன்னு சபை நினைச்சா இல்லைன்னு சொல்லிடும். விட்டாலும் தண்டனை முடியாது, சாகுற வரைக்கும் பரோல்லதான் இருப்பான். நிபந்தனையை மீறினா திரும்ப உள்ள.

இதுல ஒரு வழக்கு. 2017 ஜனவரி 29, கியூபெக் நகரத்துப் பள்ளிவாசல். தொழுதுட்டு இருந்தவங்க மேல ஒருத்தன் சுட்டான், ஆறு பேர் செத்தாங்க. கனடாவுல 2011ல ஒரு சட்டம் வந்திருந்திச்சு, ஒரு கொலைக்கு 25ன்னா ஆறு கொலைக்கு ஆறு 25ஐக் கூட்டலாம்னு. கூட்டிப் பாருங்க, 150 வருஷம். விசாரணை நீதிபதி 40 வருஷம்னு வச்சாரு. வழக்கு அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. 2022 மே 27, ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல சொன்னாங்க: இப்படிக் கூட்டுறது செல்லாது, 25தான். உயிரோட இருக்கும்போது வெளியில வர ஒரு நியாயமான வழியே இல்லாமப் பண்றது மனுஷனோட மாண்பை அழிக்கிற தண்டனை.

ஆறு பேரைக் கொன்னவனுக்கு! என் மனசு முதல்ல ஒத்துக்கல. ரெண்டு நாள் அதையே நினைச்சுட்டு இருந்தேன். அப்புறம்தான் புரிஞ்சுது, அந்த நீதிபதிங்க அவனை விடச் சொல்லல. அவன் பரோல் கேட்டு நிக்க ஒரு நாள் இருக்கணும்னுதான் சொன்னாங்க. ஐரோப்பாவுல மனித உரிமை நீதிமன்றமும் 2013ல பிரித்தானியாவுக்கு எதிரான ஒரு வழக்குல இதே திசையிலதான் போச்சு. ஆயுள் தண்டனையா இருந்தாலும் ஒரு கட்டத்துல அதை மறுபடி பார்க்க வழி இருக்கணும்னு.

இந்தியாவை ஒரு நிமிஷம். 14 வருஷக் கதை அங்க இருந்து வந்ததுதான். 1961லேயே இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, ஆயுள்னா மிச்ச ஆயுசு முழுக்க. 1978ல பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல வந்த 433ஏ பிரிவு, மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் வாங்கினவனை 14 வருஷத்துக்கு முன்ன விடக்கூடாதுன்னு சொல்லிச்சு. 2024 ஜூலையில நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்துலயும் அதே விதி இருக்கு. அது கீழ் எல்லை. நம்ம ஆளுங்க அதையே மேல் எல்லையாக்கிட்டாங்க. ராஜீவ் காந்தி வழக்குல கடைசி ஆறு பேரை விடச் சொல்லி இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது 2022 நவம்பர் 11ல, அவங்க 30 வருஷத்துக்கும் மேல உள்ள இருந்த பிறகு. அதுல சாந்தன் 2024 பிப்ரவரியில, ஊருக்கு வர இருந்த நேரத்துல, சென்னையிலயே இறந்துபோனாரு.

(திரையில்: கறுப்பு)

2018 மார்ச். கிளிநொச்சி. பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குல ஆயுள் தண்டனை வாங்கின ஒரு அப்பா. மனைவி இறந்துட்டாங்க. செத்த வீட்டுக்குக் கொடுத்தது மூணு மணி நேரம். நேரம் முடிஞ்சு கூட்டிட்டுப் போறப்போ சின்ன மகள் அப்பா பின்னாலயே சிறைச்சாலை பஸ்ஸில ஏறினா. அந்தப் படத்தை இந்த நாட்டுல பார்க்காத தமிழர் குறைவு. அவருக்கு மன்னிப்புக் கேட்டு எத்தனை கையெழுத்து, எத்தனை மனு.

ரெண்டு வருஷம் கழிச்சு, 2020 மார்ச். யாழ்ப்பாணத்து மிருசுவில்ல 2000 டிசம்பர்ல எட்டுத் தமிழர்களைக் கொன்ன வழக்கு, அதுல ஒரு அஞ்சு வயசுப் பிள்ளையும் உண்டு. 2015ல மரண தண்டனை வாங்கின இராணுவ சார்ஜண்ட், மேன்முறையீட்டுலயும் தோத்தவர், ஜனாதிபதி மன்னிப்புல வெளியில போனாரு. அதே 34ஆம் உறுப்புரை, அதே கதவு. ஒருத்தருக்குத் திறந்திச்சு.

மரண தண்டனைக் கைதியை மன்னிக்கிறதுக்குன்னு அதே உறுப்புரையில ஒரு வரிசை இருக்கு. வழக்கை விசாரிச்ச நீதிபதியோட அறிக்கை, சட்டமா அதிபரோட ஆலோசனை, நீதி அமைச்சரோட சிபாரிசு, அதுக்குப் பிறகுதான் ஜனாதிபதி. 2024 ஜனவரியில, கொலை வழக்குல மரண தண்டனை வாங்கின முன்னாள் எம்.பி. துமிந்த சில்வாவோட மன்னிப்பை நம்ம உயர் நீதிமன்றம், அதாவது நாட்டோட உச்ச நீதிமன்றம், ரத்துச் செஞ்சுது. அதே வருஷம் ஜூன்ல ரோயல் பார்க் அடுக்குமாடிக் கொலை வழக்குக் கைதிக்குக் கொடுத்த மன்னிப்பும் ரத்து. பெரிய ஆளுங்களுக்குக் கொடுத்ததை எதிர்த்து வழக்குப் போட ஆள் இருக்கு. கொடுக்காம விட்டதுக்கு எங்க பெரியம்மா எந்தக் கோட்ஸுக்குப் போவாங்க? 2025 வெசாக் பண்டிகைக்குக் கொடுத்த மன்னிப்புல, பட்டியல்லயே இல்லாத ஒருத்தர் அநுராதபுரம் சிறையில இருந்து வெளியில போயிட்டாரு. இதையும் இதே மனுஷி ரேடியோவுல கேட்டாங்க.

"செத்தவன் வீட்டுக்கு யாரு பதில்?"னு நீங்க கேப்பீங்க. கேக்கணும். அந்தத் திருவிழா ராத்திரி செத்த பையனுக்கும் ஒரு அம்மா இருக்காங்க, ரெண்டு மலைக்கு அந்தப் பக்கம். அவங்களை இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டதில்லை. பரோல் சபை ஒன்னு இருந்தா அந்த அம்மாவுக்கும் ஒரு நாற்காலி இருக்கும். மன்னிப்புக்கு அந்த நாற்காலி கிடையாது. அதனாலதான் எனக்கு இது வேணும்: சட்டத்துல எழுதின ஒரு எண், காரணம் எழுதித் தர்ற ஒரு சபை, ரெண்டு தாய்க்கும் அங்க இடம்.

அது வர்ற வரைக்கும், உங்க வீட்டு ஆளு யாராவது உள்ள இருந்தா, சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகம் ஒன்னுக்குப் போங்க, நம்ம பக்கத்துக் கோட்ஸ் ஊர்கள்லயும் இருக்கு. உள்ள அநியாயம் நடந்தா மனித உரிமைகள் ஆணைக்குழுவோட 1996க்கு அடிங்க. ஜனாதிபதி மன்னிப்புக்கு மனு எழுதினா, எத்தனை வருஷம் முடிஞ்சுது, உள்ள என்ன தொழில் படிச்சான், நடத்தை எப்படி, வெளியில வந்தா யார் வீட்டுல இருப்பான், யார் வேலை கொடுப்பாங்கன்னு எழுதுங்க. அழுகையை மட்டும் எழுதாதீங்க. மனுவோட ஒரு கொப்பி வீட்டுல வையுங்க. சிங்களத்துல டைப் பண்ணித் தர முடிஞ்சவங்க கீழ எழுதுங்க, மனுவோட நிக்கிறவங்ககிட்ட நான் உங்களைச் சேர்த்து விடுறேன்.

போன வெள்ளிக்கிழமை பெரியம்மாவும் நானும் மனுவை ரெஜிஸ்டர் தபால்ல போட்டோம். ரசீதை முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. வீட்டுச் சுவத்துல அவங்களுக்கு ஒரு காலண்டர் இருக்குன்னு காட்டினேன்ல, அதுல தினமும் பறிச்ச கொழுந்து எத்தனை கிலோன்னு குறிச்சு வப்பாங்க, மாசச் சம்பளத்துல கணக்கு இடிக்கக் கூடாதுன்னு. அன்னைக்கு வேலைக்குப் போகல, கட்டம் வெறுமையா இருந்திச்சு. பேனாவை என் கையில கொடுத்து, "அதுல ஒன்னுன்னு எழுது தம்பி. இன்னையில இருந்து எண்ணுவோம்"னு சொன்னாங்க.

எழுதிட்டு வந்தேன்.