கூஜா தூக்கிய கதை

[திரையில்: மேசைமேல் பழைய பித்தளைக் கூஜா ஒன்று.]

"அவனா? தலைவருக்குக் கூஜா தூக்குறவன்!" சென்னையில் இந்த வசவு காதில் விழாத ஆபீஸே இருக்காது. ஆனால் பக்கத்து சீட்டில் இருக்கும் இளவட்டத்திடம் கூஜா என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார். பாத்திரம் வீட்டைவிட்டுப் போய்விட்டது, வசவு மட்டும் குடியிருக்கிறது.

இதுதான் அந்தப் பாத்திரம். மயிலாப்பூரில் பெரியம்மா வீட்டுப் பரணிலிருந்து இறக்கியது. உருண்டை வயிறு, குறுகின கழுத்து, பிடித்துத் தூக்கக் கைப்பிடி. எல்லாவற்றையும்விட முக்கியம் இந்தத் திருகு மூடி. எழும்பூரில் ரயில் ஏறுமுன் வீட்டுத் தண்ணீரை நிரப்பி மூடியை இறுக்கிவிட்டால், வண்டி எவ்வளவு குலுங்கினாலும் சொட்டுத் தண்ணீர் சிந்தாது. இதற்குத் திருகுசெம்பு என்று அழகான தமிழ்ப் பெயரும் உண்டு. என்ன செய்வது, வாயில் நின்றது கூஜாதான்.

[கேமரா உள்ளே எட்டிப் பார்க்கிறது.]

உள்ளே வெளுப்பாகத் தெரிகிறதே, அது ஈயப்பூச்சு. வெறும் பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும். அதற்காகத்தான் இந்தப் பூச்சு. எவர்சில்வர் வந்த பிறகு ஈயம் பூசுகிறவருக்கும் வேலை போயிற்று.

சரி, பெயருக்கு வருவோம். பாரசீகத்தில் 'கூஸா' என்றால் தண்ணீர்க் குடுவை, அதுவும் மண் குடுவை. அந்த 'ஸா'வை அவர்கள் சொல்லுவது பல்லிடுக்கில் வண்டு ரீங்கரிப்பதுபோல இருக்கும். அந்த ஒலிக்கு நம்மிடம் எழுத்து கிடையாது, அதனால் 'ஜ' போட்டுச் சமாளித்தோம். பஜார், ஜமீன், ஜில்லா எல்லாமே இப்படி வந்தவைதான். பர்மா பஜாரில் பேரம் பேசும்போதுகூட நீங்கள் பாதிப் பாரசீகம் பேசுகிறீர்கள்!

பாரசீகம் இவ்வளவு தூரம் எப்படி வந்தது? 17-ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா சுல்தான்களின் ஆட்சி இந்தக் கடற்கரை வரை எட்டியது. பிறகு ஆற்காட்டு நவாப். 1768-இல் சேப்பாக்கம் அரண்மனை எழுந்தது. அரசாங்கக் காகிதங்களில் பாரசீகம், திருவல்லிக்கேணித் தெருக்களில் உருது. தாசில்தார், வசூல், பாக்கி என்று சர்க்கார் ஆபீஸ் சொற்கள் ஒருபக்கம் நுழைய, உருது வழியாக அடுப்பங்கரைக்கு வந்தது கூஜா. வந்த இடத்தில் மண் உடம்பை விட்டுப் பித்தளை உடம்பு எடுத்துக்கொண்டது.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான். உருதுவில் ஒரு வழக்கு உண்டு: 'கடலைக் கூஜாவில் அடைத்துவிட்டார்'. நாலு வார்த்தையில் பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டவருக்குக் கொடுக்கும் பாராட்டு அது. அதே கூஜா தமிழுக்கு வந்ததும் வசவாகிவிட்டது. பாராட்டு வேலைக்கு இங்கே இடம் காலி இல்லை என்று நினைக்கிறேன். குறளைப் புகழும்போதே கடுகைத் துளைத்து ஏழு கடலைப் புகட்டியவர்கள் நாம். கடுகு இருக்கும்போது கூஜா எதற்கு?

வசவு எப்படி வந்திருக்கும் என்று யோசித்தால் காட்சி தானாக விரிகிறது. வெளியிலே கண்டவர் கைத் தண்ணீரைக் குடிக்காத ஆசாரக்காரர் ஒருவர், அல்லது பெரிய அதிகாரி. முன்னால் வெறுங்கையோடு அவர், பின்னால் கூஜாவோடு ஒரு ஆள். அந்த ஆள் பாவம், கூலிக்காகத் தூக்கியவர். கூலி இல்லாமலே ஆதாயத்துக்காகத் தூக்குகிறவர்களுக்குத்தான் அவர் பெயர் போய் ஒட்டிக்கொண்டது, அது கொஞ்சம் அநியாயம். இப்போது இணையத்தில் கூஜாவும் மாறி 'சொம்பு' ஆகிவிட்டது. பாத்திரம்தான் வேறு, தூக்குகிற ஆள் அதே ஆள்.

[திரையில்: மயிலாப்பூர்த் தெரு, கையில் கூஜா.]

அப்புறம் ஒரு விஷயம். படப்பிடிப்பு முடிந்த கையோடு கூஜாவைப் பரணில் திருப்பி வைத்துவிட வேண்டும் என்பது பெரியம்மாவின் கண்டிப்பான உத்தரவு. தெருவில் எடுத்துக்கொண்டு நடந்தேன். எதிரே பைக்கில் வந்த நண்பன் பிரேக் போட்டு நிறுத்தினான்.

"என்னடா, இன்னிக்கு யாருக்கு?"