நெஞ்சுக்குள் வளரும் நரம்புக் கட்டி

வணக்கம். குழந்தைகளுக்கு வரும் நரம்புக் கட்டி என்றதும் பலரும் மூளையைத்தான் நினைப்பார்கள். நான் பேச வந்தது நெஞ்சுக்குள் வரும் கட்டியைப் பற்றி. முதுகெலும்பின் இரு பக்கமும் மணி கோத்தது போல ஒரு நரம்புச் சங்கிலி ஓடுகிறது. இதயத்துடிப்பு, வியர்வை, கண் பாப்பா விரிவது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. கருவில் இந்தச் சங்கிலியாக மாற வேண்டிய செல்களில் சில முதிராமலே பெருகினால் வருவதுதான் நியூரோபிளாஸ்டோமா. பெரும்பாலும் 5 வயதுக்குள் வந்துவிடும். வயிற்றில்தான் அதிகம், ஏறக்குறைய ஐந்தில் ஒன்று நெஞ்சில்.

நெஞ்சில் வந்தால் பல நேரம் வலியே இருக்காது. இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரியும். ஆனால் நெஞ்சின் மேற்பகுதியில் இருந்தால், முகத்துக்கும் கண்ணுக்கும் போகும் அந்தச் சங்கிலியின் நரம்புகள் பாதிக்கப்பட்டு, முகமே காட்டிக்கொடுக்கலாம். போகிற இடமெல்லாம் நான் சொல்வது இதைத்தான்.

ஒரு தாய் கைக்குழந்தையோடு வந்தார். "அழுதா ஒரு கன்னம் மட்டும் சிவக்குது டாக்டர், இன்னொண்ணு வெளுத்தே இருக்கு" என்றார். ஒரே பக்கமாகப் படுப்பதால்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அவருக்கு மனசு ஆறவில்லை. விளக்கைக் குறைத்துப் பார்த்தேன். வெளுத்த பக்கத்து இமை லேசாகச் சரிந்திருந்தது; கண் பாப்பாவும் மற்றதைவிடச் சிறியது. நெற்றியில் ஒரு பாதி வியர்வை, மறுபாதி உலர்ந்து கிடந்தது. படம் எடுத்தோம். அதே பக்கம், நெஞ்சின் உச்சியில் கட்டி.

இமை சரிந்தாலே கட்டி என்று பயப்பட வேண்டாம். பிரசவத்தில் நரம்பு இழுபட்டாலும் இப்படி ஆகும். ஆனாலும் மறுபடி சொல்கிறேன்: சரிந்த இமையும் சிறுத்த கண் பாப்பாவும் ஒரே பக்கத்தில் இருந்தால், மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, எல்லாக் குழந்தைகளுக்கும் முன்கூட்டியே சோதனை செய்யலாமே? இந்தக் கட்டி சுரக்கும் பொருள்களின் எச்சம் சிறுநீரில் தெரியும். ஜப்பானில் 1985 முதல் நாடு முழுக்க ஆறு மாதக் குழந்தைகளுக்கு அப்படிப் பார்த்தார்கள். தானாகவே சுருங்கி மறையக்கூடிய கட்டிகள்தான் நிறைய அகப்பட்டன. அதனால் 2004-இல் அந்தச் சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

நேரம் நெருங்கிவிட்டது, சிகிச்சையைச் சுருக்கியே சொல்கிறேன். நெஞ்சில் வருபவை வயிற்றில் வருபவற்றைவிடப் பொதுவாக நன்றாகக் குணமாகின்றன. சிலருக்கு அறுவை சிகிச்சையே போதும், சிலருக்கு மருந்தும் வேண்டும். அப்புறம் ஒன்று: கட்டி எலும்பு இடுக்கில் புகுந்து தண்டுவடத்தை அழுத்தலாம். நடந்துகொண்டிருந்த குழந்தை தள்ளாடினால், கால் துவண்டால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அன்று இரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வணக்கம்.