நக அச்சுக்கலை: முதலில் எதை வாங்குவது?

வணக்கம். சென்ற காணொளியைப் பார்த்துவிட்டுப் பேராக் மாநிலத்தின் தாப்பாவிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கும் கேள்விக்கு இன்று விளக்கம் சொல்கிறேன். "அக்கா, இணையக் கடையில் ஒரு ஸ்டாம்பிங் பெட்டி வாங்கினேன். அதில் ஆறு தகடுகளும் ஒரு ஸ்டாம்பரும் ஒரு சுரண்டியும் இருந்தன. வீட்டில் இருந்த நெயில் பாலிஷைத் தடவி அச்சு எடுத்தால் பூ பாதிதான் வருகிறது, சில நேரம் ஒன்றுமே வருவதில்லை. தகடு மட்டமா, ஸ்டாம்பர் மட்டமா? தீபாவளிக்கு அம்மாவுக்கும் சித்திக்கும் போட்டுவிட வேண்டும். என்னிடம் 80 வெள்ளி இருக்கிறது. எதை மாற்றட்டும்?" என்று கேட்டிருக்கிறார். புற ஊதா விளக்கில் இறுகும் ஜெல் பூச்சின் மேல் இந்த அச்சு பிடிக்குமா என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

புதியவர்களுக்காக ஒரு வரி: தகட்டில் செதுக்கிய உருவத்தில் பூச்சைத் தடவி, மிஞ்சியதைச் சுரண்டியால் வழித்து, ஸ்டாம்பர் என்னும் சிலிக்கோன் முத்திரையால் அந்த உருவத்தைத் தூக்கி நகத்தில் பதிப்பதே ஸ்டாம்பிங். தங்கையே, நீங்கள் சந்தேகப்பட்ட இரண்டும் குற்றவாளிகள் அல்ல என்றே நினைக்கிறேன். நீங்கள் சந்தேகப்படாத நெயில் பாலிஷ்தான் காரணமாக இருக்க வேண்டும். ஆயினும் வேறு எதையும் செய்வதற்கு முன் தகட்டின் ஓரத்தை நகத்தால் ஒருமுறை கீறிப் பாருங்கள். புதிய தகடுகளின் மேல், பெரும்பாலும் நீல நிறத்தில், மெல்லிய பாதுகாப்புத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். அதன் ஊடாகவே கோலமும் கொடியும் தெளிவாகத் தெரிவதால் அப்படி ஒரு தாள் இருப்பதே கண்ணுக்குப் படாது. இங்கே சுங்கை சிப்புட்டில் நான் இந்த வேலையைப் பழகத் தொடங்கியபோது, அந்தத் தாளை உரிக்காமலே இரண்டு மாலைகள் போராடிவிட்டு, தகடு விற்றவரை மனத்துக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் என் அக்கா மகள் வந்து அதை உரித்துக் காட்டினாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

தாள் உரிக்கப்பட்டிருந்தும் அச்சு வரவில்லை என்றால் பூச்சைப் பற்றிப் பேசலாம். தகட்டில் செதுக்கப்பட்டிருக்கும் கோடுகள் விரல் நுனியால் தடவினால் மட்டுமே உணரக்கூடிய அளவுக்கு ஆழம் குறைந்தவை. அந்தப் பள்ளத்தில் தங்கும் பூச்சு மிகமிக மெல்லியது. அவ்வளவு மெல்லிய படலத்திலேயே நிறம் முழுமையாகத் தெரிய வேண்டுமானால் அதில் நிறமித் தூள் மிக அடர்த்தியாக இருக்க வேண்டும். நாம் கடையில் வாங்கும் வழக்கமான நெயில் பாலிஷ் இரண்டு மூன்று முறை பூசினால்தான் நிறம் நிறையும்படி தயாரிக்கப்படுகிறது. தூரிகைக் கோடுகள் தெரியாமல் தானாகப் பரவிச் சமமாக வேண்டும் என்பதற்காக அது நீர்த்தும் இருக்கும், மெதுவாகவும் உலரும். நகத்தில் பூசுவதற்கு நல்ல இந்தக் குணங்களே அச்சு எடுப்பதற்குக் கெடுதலாகின்றன.

அச்சு எப்படி நகர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் தவறு எங்கே என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பூச்சைத் தகட்டில் தடவி வழித்தவுடன், பள்ளத்தில் தங்கிய பூச்சின் மேற்பரப்பு காற்றுப் பட்டுச் சற்று இறுகத் தொடங்குகிறது. ஸ்டாம்பரின் சிலிக்கோன் அந்த இறுகிய மேற்பரப்பைப் பற்றித் தூக்குகிறது. பள்ளத்தின் அடியில் இருந்த, இன்னும் பிசுபிசுப்பு மாறாத பக்கம் இப்போது வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். நகத்தில் வைத்து உருட்டும்போது அந்தப் பக்கம்தான் நகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இவை அனைத்தும் சில நொடிகளுக்குள் நடந்து முடிய வேண்டும். பூச்சில் இருக்கும் எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள் காற்றில் பறந்துகொண்டே இருப்பதால், வழித்துவிட்டு ஸ்டாம்பரைத் தேடிக்கொண்டிருந்தால் பூச்சு பள்ளத்திலேயே காய்ந்துவிடும். நம் வீடுகளில் கூடத்தின் நடுவே மின்விசிறி ஐந்தாம் எண்ணில் சுழன்றுகொண்டிருக்கும். அதற்கு நேர் கீழே உட்கார்ந்து அச்சு எடுப்பவருக்கு எவ்வளவு விலை உயர்ந்த பூச்சும் உதவாது. விசிறியை நிறுத்திவிட்டுச் சன்னலைத் திறந்து வையுங்கள். வியர்க்கத்தான் செய்யும், பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம்.

எனவே மூன்று முறை அச்சு எடுத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் தகட்டையும் ஸ்டாம்பரையும் உற்றுக் கவனியுங்கள். பூ தகட்டின் பள்ளத்திலேயே தங்கிவிட்டால், பூச்சு சீக்கிரம் காய்கிறது அல்லது நீங்கள் தாமதிக்கிறீர்கள் என்று பொருள். ஸ்டாம்பரில் பூ முழுமையாக வந்து, ஆனால் நிறம் வெளிறி நிழல் போல இருந்தால், பூச்சில் நிறமி போதவில்லை. ஸ்டாம்பரில் கருமையாக வந்த பூ நகத்தில் இறங்க மறுத்தால், அதற்குள் அது காய்ந்துவிட்டது. நகத்தில் அடியில் பூசிய நிறமே ஸ்டாம்பரோடு பிய்த்துக்கொண்டு வந்தால், அந்த அடிப்பூச்சு இன்னும் காயவில்லை. தீபாவளி சமயம் பேராக்கில் மாலை மழை வழக்கம் என்பதால் ஈரக்காற்றில் அடிப்பூச்சு உலர நேரம் பிடிக்கும். தொட்டால் ஒட்டவில்லை என்பதை மட்டும் நம்பாமல், அடிப்பூச்சுக்கும் அச்சுக்கும் இடையே ஒன்றிரண்டு மணி நேரமாவது விட்டுவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் பூச்சு எதுவும் தேறுமா என்று அறிய நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. பழைய 'மலேசிய நண்பன்' நாளிதழ்த் தாளை எடுத்து, அச்சிட்ட எழுத்துகளின் மேல் அந்தப் பூச்சை ஒரே ஒரு முறை மெல்லியதாக இழுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு அடியில் இருக்கும் எழுத்தை வாசிக்க முடிந்தால் அதை ஸ்டாம்பிங்கிற்கு எடுக்க வேண்டாம். எழுத்து மறைந்துவிட்டால் முயன்று பார்க்கலாம். வெளிர் நிறப் பூச்சுகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். தங்கம், வெள்ளி, செம்பு போன்ற உலோகப் பளபளப்புள்ள பூச்சுகள், ஸ்டாம்பிங்கிற்கென்று தயாரிக்கப்படாவிட்டாலும், பல நேரம் நன்றாக அச்சாகும், ஏனென்றால் அவற்றின் நிறத் துகள்கள் நுண்ணியவையாகவும் ஒளியை மறைப்பவையாகவும் இருக்கின்றன. பெரிய மினுக்குத் துகள் கலந்த பூச்சைத் தகட்டின் பக்கமே கொண்டு வராதீர்கள். துகள்கள் பள்ளத்துக்குள் இறங்காமல் சுரண்டியோடு இழுபட்டுக் கோடு கோடாகக் கிழிக்கும்.

ஸ்டாம்பிங்கிற்கென்றே வரும் பூச்சுகளில் தென் கொரியாவின் கோனாட், மெக்சிகோவின் முண்டோ டி உன்யாஸ், சீனாவின் பார்ன் பிரிட்டி ஆகியவை இந்தக் கலையில் ஈடுபட்டவர்களுக்குத் தெரிந்த பெயர்கள். நீங்கள் எந்தப் பெயரை வாங்கினாலும் முதலில் கருப்பு, அடுத்து வெள்ளை, மூன்றாவதாகத் தங்கம் என்ற வரிசையில் வாங்குங்கள். கருப்பு எந்த வெளிர் அடிப்பூச்சிலும் தெரியும், பழகுபவரின் கையை மன்னிக்கவும் செய்யும். வெள்ளைதான் தேர்வு வைக்கும் நிறம். நல்ல வெள்ளை சிவப்பின் மேலும் கருநீலத்தின் மேலும் பால் போல நிற்கும், மட்டமான வெள்ளை கழுநீர் போலத் தெரியும். வாங்கிய பூச்சு நாளடைவில் கெட்டியானால், நெயில் பாலிஷ் தின்னர் என்று விற்பதை இரண்டு மூன்று சொட்டு விட்டு, புட்டியை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுங்கள். அதற்குள் அசிட்டோனை ஊற்றினால் பூச்சின் தன்மையே கெட்டுவிடும்.

ஸ்டாம்பரில் இரண்டு செய்திகளைத்தான் பார்க்க வேண்டும். ஒன்று, மென்மை. மிக மென்மையான தலை வளைந்த நகத்தின் ஓரம் வரை ஒட்டி இறங்கும், ஆனால் அழுத்தும்போது விரிவதால் நேர்க்கோடுகள் கோணிப்போகும். பூவுக்கும் கொடிக்கும் அது பொருந்தும். புள்ளிக் கோலமோ கட்டமோ பதிக்க விரும்பினால் சற்று விறைப்பான தலையை எடுங்கள். இரண்டாவது, ஊடுருவிப் பார்க்க முடிவது. கண்ணாடி போன்ற தலை உள்ள ஸ்டாம்பரில் பூ நகத்தின் எந்த இடத்தில் இறங்கப் போகிறது என்பது தெரிவதால், பழகுபவருக்கு நான் அதையே பரிந்துரைக்கிறேன். அப்படிப்பட்ட தலையை அசிட்டோனால் துடைக்கக் கூடாது, துடைத்தால் மங்கி, பிடிப்பும் போய்விடும். பழைய வகை விறைப்பான தலைகள் அச்சைத் தூக்குவதற்கு வசதியாக, அவற்றை மென்மையான அரத்தால் லேசாகத் தேய்ப்பது வழக்கம். அதைக் கேள்விப்பட்டுக் கண்ணாடித் தலையையும் தேய்த்துவிட்டு வருத்தப்படுபவர்கள் உண்டு. கண்ணாடித் தலையைச் சுத்தம் செய்ய, செல்லோடேப்பையோ, துணியில் தூசி எடுக்கும் ஒட்டுருளையையோ அதன் மேல் அழுத்தி எடுத்தால் போதும். ஒட்டுருளை இரவுச் சந்தையான பசார் மாலாமில்கூடக் கிடைக்கும்.

சுரண்டிக்காகப் பணம் செலவழிக்கவே வேண்டாம். பெட்டியோடு வந்தது உலோகத் தகடு என்றால் அது உங்கள் அச்சுத் தகட்டைக் கீறும், எடுத்து வைத்துவிடுங்கள். சாலைக் கட்டணம் செலுத்தப் பயன்படும் டச் அண்ட் கோ அட்டை, காலாவதியானது ஒன்று எல்லார் வீட்டு மேசை இழுப்பறையிலும் கிடக்கும். ஓரம் சிதையாத அப்படிப்பட்ட அட்டையை ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் பிடித்து, ஒரே இழுப்பில், அழுத்தாமல் வழியுங்கள். பலங்கொண்டு வழித்தால் அகலமான இலை, இதழ் ஆகியவற்றின் பள்ளத்தில் இருக்கும் பூச்சும் அட்டையோடு சேர்ந்து வந்துவிடும். பாதிப் பூ வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தகடுகளைப் பொறுத்தவரை, நீங்கள் வைத்திருக்கும் ஆறே இந்த ஆண்டுக்குப் போதும். புதிதாக வாங்கும்போது விரலால் தடவிப் பார்த்து, கோடு உணரப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். பயன்படுத்தியவுடன் அசிட்டோன் நனைத்த தாளால் துடைத்துவிடுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழை பள்ளத்தில் சிக்கும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றக்கூடியது. கொசுவர்த்திச் சுருளைக் காலடியில் கொளுத்தி வைத்துக்கொண்டு, சாமி விளக்கு எரியும் கூடத்தில் இதைச் செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்புகூர்ந்து அப்படிச் செய்யாதீர்கள்.

நகத்தைச் சுற்றியுள்ள தோலில் பூச்சு படாமல் இருக்க, தடவிக் காய்ந்தபின் உரித்தெடுக்கும் லேட்டக்ஸ் திரவம் விற்கிறார்கள். புட்டியைத் திறந்தவுடன் ஒரு நெடி அடிக்கும். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது புதிய நெடி அல்ல. ரப்பர்ப் பால் வெட்டிக் கொண்டுவந்து ஊற்றும் இடத்தில், பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியாவின் நெடியேதான் அது. என் அம்மா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதற்குத்தானா காசு கொடுத்தாய்?" என்று கேட்டார்கள். பயனுள்ள பொருள்தான், ஆனால் ரப்பர் கையுறை போட்டால் தோல் அரிக்கும் என்பவர்கள் இதைத் தொடக் கூடாது. சித்தியிடம் கேட்டுவிட்டுத் தடவுங்கள்.

மேற்பூச்சாகிய டாப் கோட்டில்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. என் தங்கையின் நிச்சயதார்த்தத்திற்கு முதல் நாள் இரவு, பத்து விரலிலும் கருப்புக் கொடி பதித்துவிட்டு, அவசரமாக டாப் கோட்டை இழுத்தேன். கொடி முழுவதும் கரிக்கோடாக இழுபட்டுப் போனது. டாப் கோட்டில் உள்ள கரைப்பான் மெல்லிய அச்சைக் கரைக்கும். கருப்பு நிறத்தில் அது இன்னும் அதிகமாகத் தெரியும். ஆகவே சில நிமிடம் காத்திருந்து, தூரிகையில் தாராளமாக ஒரு சொட்டை எடுத்து, தூரிகையின் மயிர் நகத்தைத் தொடாமல் அந்தச் சொட்டு மட்டும் மேலே மிதந்து செல்லும்படி இரண்டே இழுப்பில் முடியுங்கள். அச்சை இழுக்காது என்று குறிப்பிட்டு விற்கப்படும் நீர் சார்ந்த டாப் கோட் கிடைத்தால், அதை முதலில் பூசிக் காயவிட்டு, அதன் மேல் வழக்கமானதைப் பூசலாம்.

ஜெல் பற்றிய கேள்விக்கு, பிடிக்கும் என்பதே பதில். விளக்கில் காட்டி இறுகிய ஜெல்லின் மேலுள்ள பிசுபிசுப்பை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, வழக்கமான ஸ்டாம்பிங் பாலிஷால் அச்சிட்டு, அது நன்றாகக் காய்ந்தபின் ஜெல் டாப் கோட் பூசி மீண்டும் விளக்கில் காட்டலாம். ஜெல் ஸ்டாம்பிங் பாலிஷ் என்று தனியாக விற்பதை இப்போதைக்கு நீங்கள் வாங்க வேண்டாம். அது தானாகக் காயாது என்பது வசதிதான், ஆனால் சன்னல் வெயில் பட்டால் தகட்டின் பள்ளத்திலேயே இறுகிவிடும். இறுகாத ஜெல் தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வருவதும் உண்டு.

இனி உங்கள் 80 வெள்ளி. கருப்பும் வெள்ளையுமாக இரண்டு ஸ்டாம்பிங் பாலிஷும், பணம் இடம் கொடுத்தால் தங்கமும் வாங்குங்கள். அதன் பிறகு மிஞ்சுவதில் ஒரு கண்ணாடித் தலை ஸ்டாம்பர் வாங்குங்கள். சில்லறை மிஞ்சினால் டாப் கோட். பூச்சு எரியக்கூடிய திரவம் என்பதால் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருவதற்குக் கட்டுப்பாடு உண்டு. பண்டிகைக்கு நாள் நெருங்கியிருப்பதால் உள்நாட்டில் சரக்கு வைத்திருக்கும் விற்பனையாளரிடமே வாங்குங்கள். புட்டி கையில் கிடைத்தவுடன் அம்மாவின் விரலில் தொடங்காமல், பழைய நண்பன் தாளின் மேல் ஒட்டிய செல்லோடேப்பில் முப்பது பூ பதித்துப் பாருங்கள். அவற்றில் இருபத்தைந்து முழுதாக விழுந்தால் அம்மாவை உட்காரச் சொல்லலாம்.