காரின் அடிவயிறும் காற்றும்

நேயர்களுக்கு வணக்கம். இத்தாலியின் கூனோஸ் நிறுவனம் 2014-இல் முழுமையாக வெளியிட்ட அசெட்டோ கோர்சா என்னும் கார்ப் பந்தய விளையாட்டில், ரசிகர்கள் தாங்களே புதிய கார்களைச் செய்து சேர்க்கலாம். அப்படிச் சேர்க்கும் காரைக் காற்று எவ்வளவு தடுக்கும், தரையோடு எவ்வளவு அழுத்தும் என்பதையெல்லாம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எண்களாக நிரப்ப வேண்டும். கார் நிறுவனங்கள் பெரும்பாலும் இழுவிசைக் குணகம் என்ற ஒரேயொரு எண்ணைத்தான், அதாவது காரின் வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் காட்டும் எண்ணைத்தான், வெளியிடுகின்றன. பந்தய அணிகளோ அதையும் சொல்வதில்லை. மீதி எண்களைத் தேடித்தான் என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் காற்று, நீர் போன்ற பாய்மங்களின் ஓட்டத்தைக் கணிக்கும் மென்பொருள்களிடம் போகிறோம்.

இந்த எண்கள் சிறிதும் அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல. இழுவிசைக் குணகம் 0.35, முன்னிருந்து பார்க்கும்போது தெரியும் முகப்புப் பரப்பு 2 சதுர மீட்டர் உள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும்போது, காற்றைக் கிழிக்க ஏறத்தாழ 12 குதிரைத்திறன் போதும். வேகம் 200 ஆனால் அதுவே 98 ஆகிவிடும். விசை வேகத்தின் இருமடியாகவும், திறன் மும்மடியாகவும் கூடுவதே காரணம்.

2004 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஃபோம் போன்ற மென்பொருள், காரைச் சுற்றியுள்ள வெளியைப் பல லட்சம் சிறு அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறையிலும் காற்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடுகிறது. தொல்லை தொடங்குவது காரின் உருவத்தில். விளையாட்டுக்காக வரையப்பட்ட கார், கண்ணுக்கு மட்டும் அழகானது. கதவின் விளிம்பில் ஓட்டை இருக்கும், கண்ணாடிக்குத் தடிமன் இருக்காது. ஆட்டக்காரர் ஒருபோதும் பார்க்காத அடிப்பாகத்தையோ ஓவியர் வரைந்தே இருக்க மாட்டார். ஆனால் பந்தயக் காரைத் தரையோடு அழுத்தும் விசையில் பெரும்பங்கு பிறப்பது அந்த அடிவயிற்றில்தான். அதனால் புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்து அடித்தட்டையும், அடியில் பாயும் காற்று பின்புறம் விரிந்து வெளியேறும் டிஃப்யூசர் என்னும் பகுதியையும் நானே வரைய வேண்டியிருந்தது. கணக்கு ஓடிய நேரத்தைவிட இதற்கே அதிக நாள் ஆயிற்று. தரையும் காற்றின் வேகத்திலேயே பின்னோக்கி நகர வேண்டும், சக்கரங்கள் சுழல வேண்டும். இல்லாவிட்டால் அடியில் பாயும் காற்று பொய்யாகிவிடும்.

நேரத்தை மிச்சப்படுத்த ஒருமுறை காரை நெடுக்காகப் பிளந்து பாதியை மட்டும் கணக்கிட்டேன். முகப்புப் பரப்பை மட்டும் முழுக் காருக்கானதாகக் கொடுத்துவிட்டேன். சாதாரண செடானுக்கு இழுவிசைக் குணகம் 0.17 என்று விடை வந்தது. பாதிக் காரின் விசையை முழுப் பரப்பால் வகுத்ததால், உண்மையில் வரவேண்டியதில் பாதிதான் அது. அரைநாள் மகிழ்ந்திருந்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

பிழையில்லாமல் செய்தாலும் விடையை அப்படியே நம்ப முடியாது. 1984-இல் அகமது என்னும் ஆய்வாளர் அளந்து வெளியிட்ட, 1044 மில்லிமீட்டர் நீளமுள்ள எளிய கார் வடிவம் ஒன்று இத்துறையில் உரைகல்லாக இருக்கிறது. அதன் பின்சரிவு 25 பாகையாக இருக்கும்போது, பிரிந்த காற்று மீண்டும் சரிவில் ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக் கணினியில் ஓடக்கூடிய, காற்றின் கொந்தளிப்பைச் சராசரியாக்கிக் கணிக்கும் முறைகளோ பல நேரங்களில் அதை ஒட்டவே விடுவதில்லை. ஆகவே தனி எண்ணைவிட, காரின் இறக்கையை ஒரு பாகை சாய்த்தால் எவ்வளவு மாறுகிறது என்ற வித்தியாசத்தையே நான் அதிகம் நம்புகிறேன்.

விளையாட்டுக்குத் தேவைப்படுவதும் அந்த மாற்றம்தான். பிரேக் பிடித்தால் காரின் மூக்கு தாழ்கிறது, முன்சக்கரங்களில் அழுத்தம் கூடுகிறது, பின்பக்கம் இலேசாகிறது. மேட்டில் ஏறி மூக்கு உயர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1999-இல் பிரான்சின் லெ மான் பந்தயக் களத்தில் மூன்று முறை காற்றில் எழும்பிப் புரண்ட மெர்சிடஸ் சி.எல்.ஆர். கார்கள் காட்டின. இவை ஒற்றை எண்ணில் அடங்காதவை. காரின் உயரத்துக்கு ஏற்ற அட்டவணை வேண்டும். முன்பக்கத்துக்கு ஐந்து உயரங்கள், பின்பக்கத்துக்கு ஐந்து என்று வைத்தாலே 25 கணக்குகள். என் கணினிக்கு ஒரு கணக்குக்கு ஓர் இரவு பிடிக்கிறது. நேற்றிரவு பதினேழாவது முடிந்தது. நன்றி, வணக்கம்.